ஆல் ஸ்டார் கூடங்கள் பதில் சொல்லியாக வேண்டும்

அமெரிக்காவில் ஆல் ஸ்டார் சியர்லீடிங் கூடங்களை நடத்துகிறவர்கள், பிள்ளைகளின் உழைப்பையும் பெற்றோரின் பணத்தையும் கேட்கும்போது இதை விளையாட்டு என்கிறார்கள். விளையாட்டுக்குரிய கண்காணிப்பு, கணக்கு, தண்டனை என்று பேச்சு வந்தால் நழுவிவிடுகிறார்கள். கூடத்தைக் கேட்டால் கூட்டமைப்பைக் கைகாட்டுகிறது. கூட்டமைப்பைக் கேட்டால் தன் அதிகாரம் அவ்வளவுதான் என்கிறது. போட்டி நடத்தும் நிறுவனமோ தான் நிகழ்ச்சி நடத்துகிறவன் மட்டுமே என்று ஒதுங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கும் இந்தத் தட்டிக்கழிப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சியர்லீடிங் என்றதும் 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது எல்லைக்கோட்டருகே ஆடிய பெண்களே நம்மில் பலருக்கு நினைவில் வருவார்கள். ஆல் ஸ்டார் வேறு உலகம். இந்த அணிகள் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லை. வேறு எந்த அணியையும் உற்சாகப்படுத்துவதற்காகவும் ஆடுவதில்லை. பெரும்பாலும் கிடங்கு போன்ற கட்டடங்களில் இயங்கும் தனியார் கூடங்களில், ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகள்வரை, சில பிரிவுகளில் அதற்கு மேற்பட்டவர்களும் பயிற்சி பெறுகிறார்கள். 54 அடிக்கு 42 அடி அளவுள்ள, அடியில் சுருள்வில் பொருத்திய தளத்தில் இரண்டரை நிமிடம் ஆட வேண்டும். அதற்குள் குட்டிக்கரணம், தாவல், ஆள்மேல் ஆள் நிற்கும் பிரமிடு, ஒருத்தியை உயர வீசிப் பிடிக்கும் பாஸ்கெட் டாஸ், நடனம் அத்தனையும் அடங்கியாக வேண்டும். ஒன்றாம் நிலையிலிருந்து ஏழாம் நிலைவரை கடினம் ஏறிக்கொண்டே போகும். மே மாதவாக்கில் அணித்தேர்வு, கோடையில் நடன அமைப்பு, குளிர்காலம் முழுக்க வார இறுதிப் போட்டிகள், மீண்டும் வசந்தத்தில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் இறுதிப் போட்டிகள். அது முடிந்த கையோடு அடுத்த அணித்தேர்வு வந்துவிடும்.

இந்தப் பிள்ளைகள் விளையாட்டு வீரர்கள்தாம். அதில் எமக்கு ஐயமில்லை. தோழிகளின் உள்ளங்கைகளில் ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தலைக்குமேல் இழுத்துப் பிடிக்கும் பிள்ளையின் உடற்கட்டுப்பாட்டையும் துணிச்சலையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. நல்ல கூடங்கள் இருப்பதையும் அறிவோம். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குத் தனி அணி அமைத்து மேடையேற்றும் கூடங்கள் உண்டு. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்காகச் சக பெற்றோர் நிதி திரட்டும் கூடங்கள் உண்டு. எமது கண்டனம் அவர்களின் நல்லெண்ணத்தின் மீதானது அல்ல. பிள்ளையின் பாதுகாப்பு முழுவதும் உரிமையாளரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கும்படி விட்டுவைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மீதானது.

முதலில் காயத்தைப் பேசுவோம். விளையாட்டுகளில் உயிரையோ உடலியக்கத்தையோ பறிக்கும் பெருங்காயங்களைப் பதிவு செய்யும் தேசிய ஆய்வு மையம் ஒன்று வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. 1982 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவியர் விளையாட்டில் அடைந்த நேரடிப் பெருங்காயங்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நேர்ந்தவை என்று அந்த மையத்தின் கணக்கு காட்டியது. நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், காயம் நேரும் விகிதத்தில் 22 பள்ளி விளையாட்டுகளுள் சியர்லீடிங் 18ஆவது இடத்தில்தான் இருந்தது. ஆனால், நேர்ந்த காயங்களில் மூன்று வாரத்துக்கு மேல் ஆட்டத்தைவிட்டு விலக்கியவற்றின் பங்கில் அது இரண்டாம் இடத்தில் நின்றது. அடிக்கடி விழுவதில்லை, விழுந்தால் பலத்த அடி. காயங்களில் மிகுதியாகக் காணப்பட்டது மூளை அதிர்ச்சி.

இவையெல்லாம் பள்ளி அணிகளின் கணக்கு. தனியார் கூடத்தில் ஒரு பிள்ளை தலையில் அடிபட்டு விழுந்தால் அதைப் பொதுவில் அறிவிக்கும் கடமை எந்தக் கூடத்துக்கும் இல்லை. ஒரு கூடத்தில் போன ஆண்டு எத்தனை எலும்பு முறிந்தது, எத்தனை தலைக்காயம் என்று சேர்க்கை நாளில் ஒரு தாய் கேட்டால், அவளுக்குக் கொடுக்க அங்கே தாளில் எதுவும் இருக்காது. சுவர் நிறையக் கோப்பைகளும் பதாகைகளும் இருக்கும்.

2008 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரில் நடந்த ஒரு போட்டியில், சக வீராங்கனையின் கால் தவறி மார்பில் பட்டு 20 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். 2006 மார்ச்சில் செயிண்ட் லூயிஸ் நகரின் கூடைப்பந்து அரங்கில் பிரமிடின் உச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தலைகீழாக விழுந்தாள். கழுத்தெலும்பில் முறிவு, மூளை அதிர்ச்சி. தூக்குப் படுக்கையில் கட்டி வெளியே கொண்டு போகும்போது வாத்தியக் குழு தன் கல்லூரியின் பாட்டை இசைத்தது. படுத்தபடியே அவள் கைகளால் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்தாள். அரங்கம் எழுந்து கைதட்டியது. நாடே அவளைக் கொண்டாடியது. கழுத்து முறிந்த நிலையிலும் தன் கடமை ஆடுவதே என்று ஒரு பெண் நம்பியிருக்கிறாள் என்றால், அந்த நம்பிக்கையை அவளுக்கு ஊட்டியவர்களை அன்றே நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கைதட்டலோடு அது முடிந்துபோயிற்று.

இந்த விளையாட்டில் சிரிப்புக்கும் மதிப்பெண் உண்டு. மேடைக் கவர்ச்சியும் முகபாவமும் நடுவர்களின் தாளில் இடம்பெறுபவை. கணுக்கால் சுளுக்கினாலும் சிரி, விரல் பிசகினாலும் சிரி என்று ஏழு வயதிலேயே பழக்குகிறார்கள். மேடைக் கலை எதிலும் இப்படிப்பட்ட பயிற்சி உண்டுதான். மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, வலிக்கிறதா என்று கேட்கும் வேலை யாருடையது என்பதே எமது கேள்வி. பெரும்பாலான கூடங்களில் அப்படியொரு ஆள் கிடையாது.

அணியின் அமைப்பே பிள்ளையின் வாயை அடைக்கிறது. இதைக் கூடங்களின் உரிமையாளர்கள் எல்லோரும் அறிவார்கள். வெளியில் பேசுகிறவர்கள் குறைவு. தூக்கி நிறுத்தும் ஒரு குழுவில் பொதுவாக நான்கு பேர்: அடியில் தாங்கும் பேஸ் இருவர், பின்னால் நின்று கணுக்காலைப் பிடிக்கும் பேக்ஸ்பாட் ஒருவர், மேலே நிற்கும் ஃபிளையர் ஒருவர். நால்வரில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். அந்தக் குழு நின்றுவிட்டால் பிரமிடு குலையும், மதிப்பெண் சரியும், மாதக்கணக்கில் உழைத்த இருபது குடும்பங்களின் ஆர்லாண்டோக் கனவு ஆட்டம் காணும். போட்டி நாளில் வராதவர் அணியில் இருக்க மாட்டார் என்று சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிற கூடங்கள் உண்டு. இத்தனை பாரமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் இருக்கும்போது, நேற்றுப் பயிற்சியில் தலையில் பட்டது, கண் மங்கலாகத் தெரிகிறது என்று அவள் எப்படி வாய் திறப்பாள்? சொன்னால் தோழிகளுக்குத் துரோகம் என்றே எண்ணுவாள். மறைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லத் தேவையில்லை. அவள் தானாகவே மறைப்பாள். அதனால்தான் அந்த முடிவைப் பிள்ளையின் கையிலோ, கோப்பையை எண்ணிக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் கையிலோ, கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் கையிலோ விடக் கூடாது என்கிறோம்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2012இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பயிற்சியாளர்களுக்கு முறையான சான்றிதழ், பருவம் தொடங்குமுன் உடற்பரிசோதனை, பிரமிடின் உயரத்துக்கு வரம்பு, தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தாலே பிள்ளையை விலக்கி மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகே மீண்டும் சேர்த்தல் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. சியர்லீடிங்கை விளையாட்டு என்று முறைப்படி அறிவித்தால்தான் இந்தப் பாதுகாப்புகள் வந்து சேரும் என்றும் வற்புறுத்தியது. பத்தாண்டுக்கு மேலாகியும் அந்தப் பரிந்துரைகளில் பல, கூட உரிமையாளர் விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே கிடக்கின்றன.

விளையாட்டா இல்லையா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்தின் குவினிப்பியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவு செய்து, போட்டிச் சியர்லீடிங் அணியை அமைத்தது. கல்வியில் பாலினச் சமத்துவம் கோரும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த அணியை விளையாட்டாகக் கணக்கிட முடியாது என்று 2010இல் கூட்டரசு நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெண்களின் திறமையை அந்தத் தீர்ப்பு குறை கூறவில்லை. ஒரே சீரான விதிகள் இல்லை, ஒழுங்கான போட்டிப் பருவ அமைப்பு இல்லை, கல்லூரி அணி தனியார் கூட அணிகளோடெல்லாம் மோத வேண்டியிருக்கிறது என்பதே அதன் சாரம். ஒழுங்கு வந்தால் பிற்காலத்தில் விளையாட்டாகலாம் என்று நீதிபதி கதவையும் திறந்தே வைத்தார். 2021 ஜூலையில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பன்னாட்டுச் சியர் யூனியனுக்கு முழு அங்கீகாரம் அளித்தது. உலக மேடையில் விளையாட்டு என்ற பெருமை கிடைத்துவிட்டது. உள்ளூர்க் கூடத்தில் அந்தப் பெருமைக்குரிய பொறுப்பு இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் முடிவெட்டும் கடை வைப்பதற்கு மாநில உரிமம் வேண்டும். பிள்ளைகளை ஆளுயரத்துக்கு மேல் வீசிப் பிடிக்கும் கூடம் வைப்பதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் அப்படித் தனி உரிமம் எதுவும் கேட்பதில்லை.

ஒழுங்கு ஏன் வரவில்லை என்று தேடினால் பணத்தில் போய் நிற்போம். ஜெஃப் வெப் 1974இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய வார்சிட்டி ஸ்பிரிட். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் தலைமையகம். போட்டிகள் நடத்துவது, பயிற்சி முகாம் நடத்துவது, சீருடை விற்பது என்று மூன்று பக்கமும் அது கால் ஊன்றியது. 2004இல் தன் பழைய போட்டியாளரான தேசியச் சியர்லீடர்ஸ் சங்கத்தையும், 2015இல் ஜாம் பிராண்ட்ஸ் நிறுவனத்தையும் விழுங்கியது. 2018இல் பெயின் கேபிடல், 2024இல் கே.கே.ஆர். என்று முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு அது மாறி மாறிப் போனது. வால் ஸ்ட்ரீட்டின் பெருமுதலாளிகள் ஏன் இதைத் தேடி வருகிறார்கள்? ஆண்டு தவறாமல் கட்டணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள், அதனால்தான்.

ஆல் ஸ்டார் கூடங்களுக்கு விதி வகுக்கும் யு.எஸ். ஆல் ஸ்டார் ஃபெடரேஷன் 2003இல் பிறந்தது. அந்தக் கூட்டமைப்பைத் தொடங்க வார்சிட்டியே வட்டியில்லாக் கடன் கொடுத்தது, நிர்வாகக் குழுவின் இடங்களில் பெரும்பங்கு அதன் கையில் இருந்தது என்று பின்னர் வந்த வழக்கு மனுக்கள் கூறின. போட்டி நடத்துபவரின் பணத்தில் பிறந்து, அவர் ஆட்களை நிர்வாகத்தில் அமர்த்திக்கொண்ட அமைப்பு, அந்தப் போட்டிக்கு வரும் பிள்ளைகளை அவரிடமிருந்தே எப்படிக் காக்கும்? வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானே வேலியையும் போட்டிருக்கிறது.

ஒரு குடும்பத்தின் செலவைப் பாருங்கள். மாதக் கட்டணம், சீருடை, காலணி, தலையில் கட்டும் ரிப்பன், நடன அமைப்பாளர் கட்டணம், பாட்டுக் கலவைக்குக் கட்டணம், கூட்டமைப்பு உறுப்பினர் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், பயிற்சியாளரின் பயணச் செலவில் பங்கு. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் போய்விடும். இதற்குமேல், சொந்தப் பிள்ளை இரண்டரை நிமிடம் ஆடுவதைப் பார்க்கப் பெற்றோர் தனியாக நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். போட்டி அமைப்பாளர் குறிக்கும் ஓட்டலில்தான் தங்க வேண்டும், வெளியே தங்கினால் அணிக்கு இடமில்லை என்ற நிபந்தனையும் பல போட்டிகளில் இருந்தது. இறுதிப் போட்டிக்கான அழைப்பை வெல்வதிலும் வகை உண்டு. சில அழைப்புகள் செலவைத் தாங்கும். மற்றவற்றில் பயணமும் தங்கலும் குடும்பத்தின் தலையில்தான். பிள்ளை வென்றுவிட்டாளே என்ற மகிழ்ச்சி அடங்குமுன் கடன் அட்டையை எடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் கூடங்களை நடத்துகிறவர்களின் பங்கு சிறிதல்ல. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வார்சிட்டியின் போட்டிகளுக்கு அணிகளை அனுப்பி, சீருடையையும் அங்கேயே வாங்கினால், கூடத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் திட்டங்கள் இருந்தன. பணம் கட்டியவர் பெற்றோர். திரும்பப் பெற்றவர் உரிமையாளர். எந்தப் போட்டி பிள்ளைக்கு நல்லது என்று முடிவெடுக்க வேண்டியவரின் பையில் அந்தப் போட்டியை நடத்துகிறவரின் பணம். இதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் எழுத்தில் சொன்ன கூடங்கள் எத்தனை? கூடங்களும் ஏகபோகத்தால் நசுங்கின என்பது உண்மை. 2020இல் மெம்ஃபிஸ் கூட்டரசு நீதிமன்றத்தில் அவற்றுள் சில வழக்கே போட்டன. 2023இல் 4 கோடியே 35 லட்சம் டாலருக்கும், பெற்றோர் தரப்பு தொடுத்த மற்றொரு வழக்கில் 2024இல் 8 கோடியே 25 லட்சம் டாலருக்கும் வார்சிட்டி தரப்பு சமரசம் செய்துகொண்டது. தவறிழைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கைமாறியது, குற்றம் செய்தவர் யார் என்பதற்குத் தீர்ப்பு வரவே இல்லை.

இனிச் சொல்லப்போவது இவை எல்லாவற்றிலும் கொடியது. 2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'சியர்' தொடர், டெக்சஸ் மாநிலத்தின் நவாரோ கல்லூரி அணியை உலகம் முழுக்க அறிமுகப்படுத்தியது. அதில் எல்லோர் மனதையும் கவர்ந்த ஜெர்ரி ஹாரிஸ் அதே ஆண்டு செப்டம்பரில் கைதானார். சிறுவர்களிடம் ஆபாசப் படம் கேட்டுப் பெற்றது, பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு பயணம் செய்தது ஆகியவற்றை ஒப்புக்கொண்ட அவருக்கு 2022 ஜூலையில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் சிறுவர்கள் இந்தப் போட்டி உலகத்தின் பிள்ளைகள். அதே 2020இல் யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் நடத்திய புலனாய்வு, சிறார்மீதான பாலியல் குற்றச்சாட்டை எதிர்கொண்ட சியர்லீடிங் தொடர்புடையவர்கள் ஏறத்தாழ 180 பேர் என்று கண்டது. அவர்களில் மிகச் சிலரின் பெயர்களே கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருந்தன. நீதிமன்றப் பதிவேட்டில் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பெயர்கள் அவை. செய்தியாளர்கள் தேடி எடுத்ததை, அதற்கென்றே உறுப்பினர் கட்டணம் வாங்கும் கூட்டமைப்பு தேடி எடுக்கவில்லை.

2022 ஆகஸ்டில் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் பெயர்பெற்ற ஒரு கூடத்தை நிறுவியவர் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். அடுத்த மாதமே, அந்தக் கூடத்தின் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் பாலியல் வன்கொடுமை புரிந்ததாகவும், தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை என்றும் முன்னாள் வீராங்கனைகளும் வீரர்களும் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுத்தார்கள். வேறு மாநிலங்களிலிருந்தும் புகார்கள் எழுந்தன. ஒவ்வொரு வழக்கின் முடிவும் நீதிமன்றத்தின் கையில். ஆனால் இத்தனை பிள்ளைகள் வழக்கறிஞரின் கதவைத் தட்டிய பிறகுதான் பேச முடிந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் மீதான தீர்ப்பு.

ஜிம்னாஸ்டிக்ஸில் அணி மருத்துவர் லாரி நாசரின் பாலியல் கொடுமைகள் வெளிவந்த பிறகு அமெரிக்கா விழித்துக்கொண்டது. டென்வரில் 2017 முதல் சேஃப்ஸ்போர்ட் மையம் இயங்குகிறது. 2018 பிப்ரவரியில் அதற்குச் சட்ட வலுவும் வந்தது. ஒலிம்பிக் அமைப்பின் கீழுள்ள விளையாட்டுகளில் பாலியல் புகார்களை விசாரித்துத் தடை விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அந்த மையத்தின் பணியிலும் தாமதம், குறைபாடு என்று புகார்கள் உண்டு. அது வேறு விவாதம். ஆல் ஸ்டார் கூடங்கள் மீது அதே அதிகாரம் செல்லவில்லை என்பதே இங்கே பொருள். அதே வயதுப் பிள்ளைகள், அதே குட்டிக்கரணம், தோளையும் இடுப்பையும் தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் அதே பயிற்சி. பக்கத்துக் கட்டடத்து ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்குச் சட்டம் தரும் காவல், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?

உடலைப் பற்றிய பேச்சுக்கும் ஒரு வரம்பு வேண்டும். கல்லூரிச் சியர்லீடர்களிடையே நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூவரில் ஒருவருக்கு உணவுப் பழக்கக் கோளாறுக்கான ஆபத்து தெரிந்தது. மேலே நிற்கும் ஃபிளையர்களிடம் அது மிகுதி. எடை கூடினால் மேலே இடமில்லை என்ற ஒரு சொல்லை ஒன்பது வயதில் கேட்ட பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். எடை இயந்திரத்துக்குப் பயிற்சிக்கூடத்தில் வேலையே இல்லை.

இதற்கெல்லாம் கூடங்களின் உரிமையாளர்கள் தரும் பதிலும் எமக்குத் தெரியும். வாடகை ஏறுகிறது, காப்பீட்டுத் தொகை ஏறுகிறது, வில்தளம் விலை அதிகம், பெற்றோர் கட்டணத்தைப் பாக்கி வைத்துவிட்டு அடுத்த கூடத்துக்குத் தாவிவிடுகிறார்கள், பயிற்சியாளர்கள் கிடைப்பதில்லை என்பார்கள். இவை பொய்யல்ல. பல உரிமையாளர்கள் தம் சம்பளத்தை எடுக்காமல் கூடத்தை நடத்துகிறார்கள் என்பதையும் நம்புகிறோம். ஆனால் தொழில் நொடிகிறது என்பதற்காக நேற்றுப் பள்ளி முடித்த இளைஞன் கையில் முப்பது குழந்தைகளை ஒப்படைக்க யாருக்கும் உரிமையில்லை. தனியாக ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் பூட்டிய கூடத்தில் இருக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு டாலர் செலவில்லை. பயிற்சியாளர் பிள்ளையின் கைப்பேசிக்குத் தனியே செய்தி அனுப்பக் கூடாது, அனுப்பினால் பெற்றோரும் அந்த உரையாடலில் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் செலவில்லை. செலவில்லாத இந்த விதிகளைக்கூட எழுதி ஒட்டி, மீறியவரை வெளியேற்றாத கூடம் வறுமையைக் காரணம் காட்டக் கூடாது.

ஆகவே எமது கோரிக்கைகளைத் திட்டவட்டமாகவே வைக்கிறோம். ஒவ்வொரு கூடமும், தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே விலக்கி, கூடத்தின் சம்பளம் வாங்காத மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே தளத்தில் ஏற்ற வேண்டும். அப்படி விலகும் பிள்ளை தன் இடத்தையும் கட்டிய பணத்தையும் இழக்க மாட்டாள் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் மற்ற விதிகள் எதற்கும் பயனில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் மாற்று ஆள்களைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். ஆண்டின் காயக் கணக்கையும், முழு ஆண்டுச் செலவையும், போட்டி நிறுவனத்திடமிருந்து கூடம் பெறும் எந்தச் சலுகையையும் சேர்க்கைக்கு முன்பே பெற்றோர் கையில் தர வேண்டும்.

போட்டி நடத்துகிறவர், சீருடை விற்கிறவர், கூடம் வைத்திருக்கிறவர் ஆகிய யாருடைய பணத்திலும் வாக்கிலும் இயங்காத நிர்வாகக் குழுவுக்குக் கூட்டமைப்பு தன்னை ஒப்படைக்க வேண்டும். வீரர்களாக இருந்தவர்களும் பெற்றோரும் குழந்தைநல மருத்துவர்களும் அங்கே அமர வேண்டும். பாலியல் புகார்களை அது தானே விசாரிப்பதை நிறுத்திவிட்டு, காவல்துறைக்கும் வெளி விசாரணை அமைப்புக்கும் உடனே அனுப்ப வேண்டும். வார்சிட்டி, பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரிடம் ஓட்டல் நிபந்தனை எதையும் எந்த வடிவிலும் வைக்கக் கூடாது. தடைப் பட்டியலில் உள்ளவரை வைத்திருக்கும் கூடத்தின் அணியைத் தன் தளத்தில் ஏற்றவும் கூடாது. அமெரிக்க நாடாளுமன்றம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஆல் ஸ்டார் கூடங்களை அதன் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். மாநிலங்கள் இந்தக் கூடங்களுக்கு உரிமம் வழங்கி, ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கோப்பை எண்ணிக்கையைப் பார்த்துக் கூடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காயக் கணக்கைக் கேளுங்கள். பயிற்சியாளர்களின் சான்றிதழைக் கேளுங்கள். பயிற்சி நேரத்தில் உள்ளே வந்து உட்கார அனுமதி உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் கூடத்தில் உங்கள் பிள்ளைக்கு வேலையில்லை. உங்கள் கட்டணத்தில்தான் இந்தத் தொழில் நிற்கிறது. அடுத்த அணித்தேர்வுக்கு முன் இந்த உறுதிகளை எழுத்தில் தராத எந்தக் கூடத்திலும் பிள்ளையின் பெயரைப் பதியாதீர்கள்.